விட்டுப்போன கரை

சங்கரன்கோவிலில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் யோகலட்சுமிக்கும் தேன்மொழிக்கும் அடுத்தடுத்த மெஷின். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட யோகலட்சுமி அதிகம் வாய் திறக்கமாட்டாள்; அவளுக்கும் சேர்த்துத் தேன்மொழி பேசிவிடுவாள். பாபநாசத்திலிருந்து தாமிரபரணிக் கரையோடு கடல்வரை நடப்பது தேன்மொழியின் யோசனைதான். மாதத்துக்கு ஒரு ஞாயிறு. நடை முடிகிற படித்துறையில் முங்கி எழுந்து பஸ் ஏறுவார்கள். அடுத்த மாதம் அதே படியில் கால் நனைத்துவிட்டுத் தொடர்வார்கள். வீடும் பிள்ளைகளும் மாமியாரும் எடுத்துக்கொண்டது போக யோகலட்சுமிக்கென்று மிஞ்சியது அந்த ஞாயிறும் தேன்மொழியும்தான்.

கல்லிடைக்குறிச்சிவரை வந்தாயிற்று. அடுத்த நடைக்கு யோகலட்சுமிக்குக் காய்ச்சல். தேன்மொழியும் போகமாட்டாள் என்று நினைத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் தேன்மொழி செல்போனை நீட்டினாள். சேரன்மகாதேவிப் படித்துறையில் ஈரத்தலையோடு இரண்டு பேர். தேன்மொழியும், கம்பெனியில் புதிதாகச் செக்கிங்குக்குச் சேர்ந்த ஜெயசித்ராவும்.

“பஸ் ஸ்டாண்டுல என்னையக் கண்டா, நானும் வாரேன்னா. என்ன நடை நடக்கா தெரியுமாட்டி! ஒன்னைய மாதிரி நாலு எட்டுக்கு ஒருக்கா உக்காரல.”

“நல்லது” என்றாள் யோகலட்சுமி.

அன்று ஒரு நைட்டிக்கு இரண்டு பக்கமும் இடது கைத்துணியையே வைத்துத் தைத்துவிட்டாள். அதைப் பிரிக்கச் சொன்னதும் ஜெயசித்ராதான். திரும்பிப் போகிறவளின் கால்களையே யோகலட்சுமி பார்த்தாள். பெரிய நடையாக ஒன்றும் தெரியவில்லை.

ஆனாலும் அந்தத் துண்டுக் கரை ஜெயசித்ராவுக்குச் சொந்தமாகிவிட்டதே! அதை நினைத்தாலே வயிறு எரிந்தது. தென்காசியில் ஒரு விசேஷம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிறு தனியாகக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனாள்.

படியில் கால் நனைத்தாள். கரையில் ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு ஒரு சந்துக்குள் திரும்பினாள். வாழைத்தோட்டத்துக்கு அப்பால் தண்ணீர் கரைமுட்டப் போனது. சங்கரன்கோவில்காரிக்கு அத்தனை அகலத்தில் தண்ணீர் ஓடினால் அது ஆறுதான். கரையைப் பிடித்து நடந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியபோது எதிரே ஒரு இரும்பு ஷட்டர் தெரிந்தது. அதன் வழியே தண்ணீர் வயலுக்குப் பிரிந்தது. ஆற்றுக்கு யார் ஷட்டர் போடுவார்கள்? கால்வாய்க்கரையில் இத்தனை தூரம் நடந்திருக்கிறாள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் வழி கேட்க வாய் வரவில்லை. தேன்மொழிக்குப் போன் போட்டாள்.

“எங்கட்டி நிக்க? தண்ணி இரைச்சல் கேக்கு?”

“கால்வாய்க்கரையில. ஆறுன்னு நெனச்சு வந்துட்டேன். ஆறு எந்தப் பக்கம்?”

“தனியாவா போன?”

“ஆமா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?”

“நீ சொல்லிட்டா போன?”

“வயலுக்கு வடக்கதான் ஆறு. போ, நீயே நடந்து முடி” என்றாள் தேன்மொழி. அந்தக் குரலில் இருந்த எரிச்சல் யோகலட்சுமிக்கு மோர் குடித்தாற்போல் இருந்தது.

“முடிக்கல. நீ வா, சேந்து நடப்போம்.”

“நாந்தான் நடந்துட்டேனே?”

“அது அவகூட நடந்தது.”

தேன்மொழி சிரித்துவிட்டாள். “அடி கள்ளி! சரி, அடுத்த ஞாயிறு வாரேன். ஜெயசித்ராவயும் கூப்பிடட்டா?”

“அவதான் நடந்துட்டாளே, அவளுக்கு எதுக்கு?”

போனை வைத்தபின் பார்த்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் ஆற்றோரத்து மருதமரங்கள் வரிசையாகத் தெரிந்தன. பொழுது இருந்தது, சாயங்காலத்துக்குள் சேரன்மகாதேவி போய்ச் சேர்ந்துவிடலாம். யோகலட்சுமி அந்தப் பக்கம் போகாமல் மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.