டைல்ஸ் கடைக் கேப்டன்

சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டால் கேப்டனுக்கு விமானப் பரிசோதனை பாதி முடிந்த மாதிரி. இறக்கையின் அடியிலிருந்து எரிபொருளைச் சின்னக் குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடிப்பார், பார்க்க மாட்டார். அப்படியே தோளுக்குப் பின்னால் வீசுவார். எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் தன் கைக்குட்டையிலேயே துடைத்துக்கொள்வார். "எல்லாம் ஓகே மச்சான், ஏறு." மொத்தம் மூன்று நிமிடம். செய்ய வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று பளபளவென்று உறை போட்டு இருக்கைக்குப் பின்னால் செருகியிருக்கும். ஒருநாள் எடுத்து நீட்டினேன். "அது புதுசா கத்துக்கிறவங்களுக்குடா" என்றார்.

கேப்டன் என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். பிழைப்பு டைல்ஸ் கடை. குளியலறைக்கு வழுக்காத கல் எது, சமையலறைக்குக் கறை பிடிக்காத கல் எது என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாரத்தில் ஐந்து நாள் அதைச் செய்துவிட்டு, சனி ஞாயிறுகளில் நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஏறிக்கொள்வார். நான் அவருடைய மனைவியின் தம்பி. கூப்பிட்டால் மறுக்கும் உரிமை எனக்குக் கிடையாது.

அவருக்கு இரண்டு குரல். ஒன்று கடைக்குரல். மற்றது விமானத்து ரேடியோவுக்கென்று வளர்த்தது: அடித்தொண்டையிலிருந்து, ஒவ்வொரு சொல்லையும் கல் பதிப்பதுபோல் இடைவெளி விட்டு வைப்பார். நாளாக ஆக அது தரைக்கும் இறங்கிவிட்டது. அக்கா "இன்னும் ரெண்டு தோசை போடவா?" என்றால், 'ஆமாம்' இல்லை, "அஃபர்மேட்டிவ்" என்பார். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அக்கா, கேள்விக்கு விடை எழுதாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பறக்கும் மன்றத்தில் அவர்தான் பாதுகாப்புச் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொன்மொழி விழும், ரோஜாப்பூப் படத்தோடு. 'தரையில் இருந்துகொண்டு வானத்துக்கு ஏங்கலாம்; வானத்தில் இருந்துகொண்டு தரைக்கு ஏங்கக் கூடாது.' ஊருக்குத்தான் உபதேசம். அவரிடம் இருப்பது கண்ணால் தரையைப் பார்த்து ஓட்டும் உரிமம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கு நான்கு வகுப்பு போனார். ஐந்தாவதில் நின்றுவிட்டார். "சொல்லிக்குடுக்கிற பொண்ணு என்னைவிட பதினஞ்சு வயசு சின்னவ மச்சான். எனக்கே 'தப்பு'ங்கிறா."

எங்கள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. காரில் போனால் நான்கரை மணி நேரம். "ஐம்பது நிமிஷத்துல இறக்கிவிடறேன்" என்றார் கேப்டன். அன்று காலைப் பொன்மொழி: 'சந்தேகமா? பறக்காதே.' ஓடுதளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் அழுக்குப் பஞ்சு மூட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வானிலை அலுவலகத்தில் கேட்டார். வழியில் மேகம் தாழ்ந்திருக்கிறது, போகாதீர்கள் என்றார்கள்.

"அவங்க ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு வானத்தைப் பாக்கிறவங்க" என்றார் கேப்டன்.

"கார்லயே போயிடலாமேங்க" என்றாள் அக்கா. பட்டுப்புடவையில், மடியில் பரிசுப் பொட்டலத்தோடு.

"நான் எதுக்கு இருக்கேன்?"

அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இருந்தது. அக்கா முன்னால் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள், நான் பின்னால்.

இருபது நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு தரை துண்டு துண்டாகத் தெரிந்தது. திரும்பியிருக்கலாம். "அந்தப் பக்கம் வெளுத்திருக்கு பாரு" என்று நேரே விட்டார். வெளுத்ததெல்லாம் பால் அவருக்கு. அடுத்த நிமிடம் கண்ணாடிக்கு நான்கு பக்கமும் ஈரத்துணி போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. மேலே வெள்ளை, கீழே வெள்ளை.

நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று என் உடம்பு சத்தியம் செய்தது. ஆனால் எஞ்சினின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று.

"என்னங்க, உயரம் காட்டுற முள்ளு பின்னாடி சுத்துது" என்றாள் அக்கா.

"கருவி கெட்டுப்போச்சு" என்றார் கேப்டன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

அப்போது ரேடியோவில் ஒரு பெண் குரல் கேட்டது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானங்களுக்கு வழி சொல்பவள். எங்கள் விமானத்தின் எண்ணைச் சொல்லி, மேகத்துக்குள் இருக்கிறீர்களா என்று விதிமுறை மொழியில் கேட்டாள்.

"நெகட்டிவ்" என்றார் கேப்டன், அடித்தொண்டையில்.

அந்தப் பொய்யை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டி நிற்கும்போதும், யாரோ முகம் தெரியாத ஒருத்தியிடம் கௌரவம் போய்விடக் கூடாது அவருக்கு.

அவள் விதிமுறை மொழியை விட்டுவிட்டாள். "சார், உங்க உயரம் வேகமா கொறையுது. எனக்கு ரேடார்ல தெரியுது. உண்மையச் சொல்லுங்க."

"ஒண்ணுமே தெரியலைம்மா." கடைக்குரல்கூட இல்லை அது. அதற்கு முன்போ பின்போ நான் கேட்டிராத குரல்.

"பரவால்ல. உடம்பு சொல்றத நம்பாதீங்க. முன்னாடி அடிவானம் காட்டுற கருவி இருக்கு, அதை மட்டும் பாருங்க. எந்த இறக்கை தாழ்ந்திருக்கு?"

"எ… எடது."

"முதல்ல எஞ்சின் வேகத்தைக் கொறைங்க. இப்பப் பிடிய இழுக்காதீங்க. மெதுவா வலது பக்கம் திருப்பி இறக்கைய நேராக்குங்க. மெதுவா. நேராச்சா? இப்பக் கொஞ்சமா மேல தூக்குங்க. பக்கத்துல யாரு?"

"என் வீட்டுக்காரி."

"அவங்கள உயரத்தைச் சத்தமா படிக்கச் சொல்லுங்க."

அக்கா வாய்ப்பாடு சொல்லும் குரலில் படித்தாள். ஆயிரத்து நூறு அடி. ஆயிரத்து ஐம்பது. ஆயிரத்து ஐம்பது. இன்னும் ஆயிரத்து ஐம்பதுதான். எண் இறங்காமல் நின்றதைக் கேட்டபோதுதான் முன் இருக்கையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று தெரிந்தது. அந்தக் குரல் அவசரமே படாமல் எங்களைத் திருப்பி, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது.

இறங்கியதும் அக்கா பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். வாசலில் வாடகைக் கார் பிடித்து, நான்கரை மணி நேரம் பயணம் செய்து, சாப்பாட்டுப் பந்தியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தாள். கேப்டன் எஞ்சினை அணைத்துவிட்டு நெடுநேரம் கீழே இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வாரம் பொன்மொழிகூட வரவில்லை. இரண்டாம் வாரம் கடைக்கு வந்தவர்களிடம், "மேகம் திடீர்னு வந்து மூடிருச்சு" என்றார். நான்காம் வாரக் கதையில் கருவி பழுதாகியிருந்தது. ஆறாம் வாரம், பதறிய மனைவியையும் மயங்கி விழுந்த மைத்துனனையும் ஒரு கையால் சமாளித்தபடி மறுகையால் விமானத்தை மீட்டிருந்தார். நான் மயங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கோபுரத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்டால், "ஆமா, யாரோ ஒரு பொண்ணு நடுவுல பேசுச்சு" என்பார்.

மன்றத்தின் ஆண்டுப் பாதுகாப்புக் கூட்டத்தில் அவர் பேச்சுக்குத் தலைப்பு: 'மேகத்தை வென்றது எப்படி?' புதுச் சட்டை, தோளில் நான்கு தங்கப் பட்டைகள். அவற்றை எந்த விமான நிறுவனமும் அவருக்குக் கொடுக்கவில்லை, தையற்காரர் கொடுத்தார். அக்கா வர மறுத்துவிட்டாள். "எனக்கு விடைத்தாள் திருத்தணும்" என்றாள்.

கோபுரத்திலிருந்தும் ஒருவரை அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில், சாதாரணப் பருத்திச் சேலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அன்று எங்களை இறக்கியது இவர்தான் என்று மன்றத்து எழுத்தர் என் காதில் சொன்னார். கேப்டன் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

மேடையில் அடித்தொண்டைக் குரல் முழங்கியது. "அந்த நேரத்துல ஒரு விமானி என்ன செய்யணும்? பதறக் கூடாது. நான் பதறலை. நான் ஒரே பார்வையில—"

"சார், பின்னாடி சரியாக் கேக்கலை" என்றாள் அவள், உட்கார்ந்தபடியே. "கொஞ்சம் மெதுவா."

சொன்னது அவ்வளவுதான். கேப்டனின் பேச்சு அறுந்தது. இரண்டு கைகளும் தாமாக மார்புக்கு நேரே எழுந்து, அங்கே இல்லாத ஒரு பிடியைப் பற்றிக்கொண்டன. அத்தனை பேர் முன்னால், மெதுவாக, மிக மெதுவாக, அதை வலப்பக்கம் திருப்பினார்.