மாமா ஒப்புக்கொண்ட குற்றம்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை கோர்ட்டில் எனக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. தண்டனை சொன்ன நேரத்தில் நான் கோர்ட்டிலேயே இல்லை. எட்டு மைல் தள்ளி, ஆரல்வாய்மொழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பையன்களிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. அந்தப் பள்ளியில் நான் தற்காலிக வாத்தியார். தோவாளைக்கு மேற்கே வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர். தினமும் சைக்கிளில் போய் வருவேன். எனக்கு வயது இருபத்து மூன்று. மூக்குக்கு மேலே கோபம். சைக்கிள் வைத்திருந்த திமிரும் கொஞ்சம் உண்டு என்று என் தங்கை சொல்வாள். அவள் சொன்னது பொய்யில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் பள்ளி முடிந்து பேச்சில் நேரம் போய்விட்டது. பொழுது சாயும்போது விளக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்தக் காலத்துச் சைக்கிள் விளக்கு மண்ணெண்ணெயில் எரிவது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் மூன்று முறை அணைந்தது. மூன்று முறையும் இறங்கி ஏற்றினேன். நான்காவது முறை அணைந்து, நான் இறங்குவதற்குள் ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார். மேற்கே விளவங்கோடு பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"விளக்கு எரியல்லயே, சாரே."

"இப்பத்தான் அணைஞ்சுது. தொட்டுப் பாருங்க, சூடு இருக்கு."

அவர் தொடவில்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பேரையும் வீட்டையும் எழுதிக்கொண்டார். நான் பத்து நிமிஷம் சண்டை போட்டேன். அவர் கோபப்படவேயில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கோர்ட்டில் போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். சம்மன் வரட்டும் என்று காத்திருந்தேன். அது வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்கு எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது மருமக்கள்வழிக் குடும்பம், சொத்து தாய்வழியில் இறங்குவது. அம்மாவின் அண்ணன்தான் வீட்டுக்குக் காரணவர். சொத்து அவர் பொறுப்பு, மருமக்களும் அவர் பொறுப்பு. வரி கட்டுவது அவர். வயல் வழக்கு, வாய்க்கால் வழக்கு என்று எது வந்தாலும் குடும்பத்துக்காகக் கோர்ட்டில் போய் நிற்பதும் அவர். பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று புதுச் சட்டம் வந்து, பல வீடுகள் பிரிந்துகொண்டிருந்த சமயம். எங்கள் வீட்டில் யாரும் இன்னும் கேட்கவில்லை. ஆனால் கேட்டுவிடுவார்களோ என்று மாமா சாப்பிடும்போதுகூட எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு வைத்திருந்தது மாமாவின் பெயர். மருமகனுக்கு மாமன் பெயர் வைப்பது எங்களில் சாதாரணம். வீட்டுப் பெயரும் ஒன்றுதான். நான் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் சம்மன் வந்தது. மாமா கையெழுத்துப் போட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைக்கு எதற்கு மனக்கஷ்டம் என்று நினைத்தாராம்.

குறித்த நாளில் வெள்ளை வேட்டி உடுத்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனார். அன்று ஏகப்பட்ட சில்லறைக் கேஸ்கள். பெயரைக் கூப்பிட்டார்கள். மாமா எழுந்து போய் நின்றார். மாஜிஸ்திரேட் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "சைக்கிளில் விளக்கில்லாமல் போனதாகக் கேஸ். குற்றம் சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம் எசமானே" என்று மாமா கும்பிட்டார். அபராதத்தைக் கட்டிவிட்டு, வரும் வழியில் எங்களுக்கு ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தும் வாங்கிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "காரியம் முடிஞ்சாச்சு மக்கா. நீ ஒண்ணும் வெசாரப்படாண்டாம்" என்று ரசீதை நீட்டினார்.

வாங்கிப் படித்தேன். சைக்கிள் கேஸில் என் பெயரில் அபராதம் கட்டிய ரசீது அது.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் அஞ்சல் இலாகாவில் குமாஸ்தா வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. இரண்டு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. கூடவே நிரப்பிக் கொடுக்க ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி, எந்தக் கிரிமினல் கோர்ட்டிலாவது தண்டனை அடைந்தது உண்டா என்பது. படிவத்தைக் கொடுக்க இரண்டு மாதம் தவணை. எனக்குப் பின்னால் அதே வேலைக்கு வரிசையாக ஆள் காத்திருந்தது.

"யார் உங்களைப் போகச் சொன்னது? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கத்தினேன். மாமாவிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"கேக்கதுக்கு என்னலே இருக்கு? வீட்டுக் காரியத்துக்கு நான் போவாம வேற யாரு போவா?"

"இது வீட்டுக் காரியம் இல்ல. எம்பேருல உள்ள குத்தம்."

"எம்பேரும் அதுதானே!" என்றார் மாமா. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. நான் முந்திரிக்கொத்தைத் தொடாமல் எழுந்து போனேன். அந்த அற்பத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து ஊரில் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். அபராதம் கட்டிவிட்டால் கேஸ் அத்தோடு செத்துப்போகும், படிவத்தில் இல்லை என்று எழுது என்றார் ஒருவர். போலீஸ் புத்தகத்தில் பேர் ஏறினால் பேரன் காலம்வரை இறங்காது என்றார் இன்னொருவர். அந்தக் கான்ஸ்டபிள் வீட்டுக்கு ஒரு குலை வாழைப்பழத்தோடு போனால் எல்லாம் சரியாகும் என்று மூன்றாமவர். இவர்களில் யாரும் கோர்ட்டு வாசலை மிதித்தவர்கள் இல்லை. ஆனாலும் நான் எல்லோர் பேச்சையும் கேட்டேன், எல்லோர் பேச்சையும் பாதி நம்பினேன். பயந்தவன் புத்தி அப்படித்தான்.

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் போனேன். மாமாவும் கூட வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வக்கீல் மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு மாமாவைப் பார்த்தார்.

"காரணவரே, வயலுக்காக நீங்க கோர்ட்டுல நிக்கலாம். அது குடும்பத்துச் சொத்து. இது கிரிமினல். இதுல அவனவன் உடம்புதான் நிக்கணும். சம்மதம்னு சொன்னா அது தண்டனை. அபராதம் சின்னதா பெரிசான்னு அந்தப் படிவத்துல கேக்கல. இருக்கிறதை இல்லைன்னு எழுதினா, பின்னால தெரிஞ்சதும் வேலையே போயிரும்."

"இதை மாத்த முடியாதா?" என்று கேட்டேன்.

"ஒரே வழி இருக்கு. நின்னது நீ இல்ல, இவருதான்னு மாஜிஸ்திரேட் முன்னால இவரே சொல்லணும். அதை மேல் கோர்ட்டுக்கு எழுதித் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லலாம். ஆனா ஆள்மாறாட்டம்னு இவர்மேலேயே கேஸ் போட்டாலும் போடுவாங்க. அது விளக்குக் கேஸ் மாதிரி இல்ல. ஜெயில்வரைக்கும் போகும்."

திரும்பி வரும்போது மாட்டுவண்டியில் நான்தான் பேசினேன். "நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் மாமா. தண்டனை உண்டுன்னே எழுதிக் குடுக்கேன். காரணத்தையும் எழுதுதேன். குடுத்தாக் குடுக்கட்டும், இல்லன்னா போவட்டும்." அப்படிச் சொன்னேனே தவிர, அந்த வேலை வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. மாமா வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வெள்ளை வேட்டி உடுத்து நின்றார். "இன்னைக்கு லீவு சொல்லு. வக்கீல் வரச் சொல்லியிருக்காரு" என்றார். எனக்குத் தெரியாமல் அவரே மறுபடி நாகர்கோவில் போய் மனு எழுதச் சொல்லியிருக்கிறார். வழக்கம்போல இதையும் என்னைக் கேட்காமல்தான் செய்தார்.

கோர்ட்டில் மனுவைப் படித்ததும் மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கினார். மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அன்றைக்கு வந்து நின்றது நீர்தானா?"

"நான்தான் எசமானே."

"எதற்காக?"

மாமா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுல எல்லாத்துக்கும் நான்தான் நிப்பேன். நெலத்துக்கு, வரிக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு எல்லாம். அந்த வழக்கத்துல இதுக்கும் வந்து நின்னுட்டேன். ஏமாத்தணும்னு வரல்ல. அவன் என்ன செய்தான்னு நான் அவன்கிட்டக் கேக்கல்ல. கேக்காமலே சம்மதம்னு சொல்லிப்போட்டேன். தப்பு என்னுது. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவன் பேர மட்டும் அவன்கிட்டத் திருப்பிக் குடுத்திருங்க."

வயல் வழக்குகளில் மாமா பேசி நான் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் சத்தம் வெளியே தெருவரைக்கும் கேட்கும். இன்று பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வக்கீல் பக்கத்தில் நின்றதால் அழாமல் இருந்தேன்.

மாஜிஸ்திரேட் வெகுநேரம் எழுதினார். தலையைத் தூக்கிப் பார்க்காதது தன் பிழையும்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. இனி இப்படிச் செய்யக் கூடாது என்று மாமாவை எச்சரித்து அனுப்பினார். காகிதங்கள் மேல் கோர்ட்டுக்குப் போயின. மூன்று வாரம் கழித்து, தண்டனை ரத்து, கேஸை முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. படிவத் தவணைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

விசாரணை நாளில் மாமா வீட்டிலேயே இருந்துகொண்டார். "நான் வந்தா, பேரக் கூப்பிடும்போ எழும்பிருவேன். நீயே போ" என்றார்.

"குற்றம் சம்மதமா?" என்று மாஜிஸ்திரேட் என் முகத்தை நன்றாகப் பார்த்துக் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

கான்ஸ்டபிள் சாட்சி சொன்னார். விளக்கு இருந்தது, எரியவில்லை என்றார். அவரிடம் கேள்வி கேட்க வக்கீல் எழுந்தார்.

"இவர் உம்மிடம் விளக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"தொட்டீரா?"

"இல்ல."

"ஏன் தொடவில்லை?"

கான்ஸ்டபிள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். நல்ல மனுஷன், பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "கை சுடும்லா, சாரே" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டார். ஆரல்வாய்மொழியில் தன் தலைப்பாகையே ஒருமுறை காற்றில் போனதாகச் சொல்லி, என்னை விடுதலை செய்தார். வெளியே வந்ததும் கான்ஸ்டபிள் என்னிடம், "எனக்கு ஒரு விரோதமும் இல்ல கேட்டீங்களா" என்றார். எனக்கும் இல்லை என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படிவத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே "இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதி அன்றே அனுப்பினேன்.

வேலை கிடைத்தது. ஆனால் அந்தக் கேஸில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகு நடந்தது.

தை மாதத்தில் என் தங்கைக்குச் சம்பந்தம் பேச நல்ல இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் வீட்டில் பெண்ணிடம் சம்மதம் கேட்கும் பழக்கமே கிடையாது. மாமா சரி என்று சொன்னால் சரி. என் அம்மாவின் கல்யாணமும் அப்படி முடிந்ததுதான். வந்தவர்கள் பலகாரம் தின்று, வெற்றிலை போட்டு, எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அப்போ காரணவருக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார்கள்.

மாமா வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். பிறகு உள்பக்கம் திரும்பித் தங்கையைக் கூப்பிட்டார். அவள் வந்து கதவோரம் நின்றாள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நடுவே மாமா, "உனக்குச் சம்மதமா மக்கா? நான் உனக்காச் சொல்லப்பிடாது" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா அடுக்களையில் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். அடக்கமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

என் தங்கை நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுதேன் மாமா" என்றாள்.