மாளிகைக்கு வந்த அங்கிள்

கெல்லிவில்லில் ஒரு சிநேகிதியின் வீட்டில் மரத்தரைக்குப் பூசிய மெழுகின் வாசம் வந்ததும், நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மெரிலேண்ட்ஸுக்குப் பக்கத்தில் அதே வாசம் வீசிய அந்தப் பழைய வெள்ளைக்காரப் பிரபுவின் மாளிகை நினைவுக்கு வந்தது. இப்போது அதை அடுக்குவீடுகளாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் அது பொதுமண்டபம். சனிக்கிழமைதோறும் அங்கே எங்களுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும், வளைந்த படிக்கட்டின் கீழே சப்பாத்துகள் குவிந்திருக்கும், மேல்மாடியில் யாருடையதோ கலியாணத்துக்குக் கதிரைகள் இழுபடும் சத்தத்தையும் மீறி நாங்கள் ஆனா ஆவன்னா என்று கத்துவோம். அங்கே வரும் ஆண்கள் எல்லோரும் எனக்கு அங்கிள்தான்.

ஒரு சனிக்கிழமை, கைக்குழந்தையாய் என்னை அம்மாவோடு அனுப்பிவிட்டு விசாவுக்காகக் கொழும்பில் வருடக்கணக்காய்க் காத்திருந்த அப்பா, சொன்ன நாளுக்கு முதலே வந்திறங்கி, பெட்டியோடு வகுப்பு வாசலில் நின்றார். பாடம் சொல்லிக்கொண்டிருந்த அம்மாவின் கையிலிருந்து வெண்கட்டி விழுந்தது.

“நான் ஆரெண்டு தெரியுதா, பிள்ளை?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

“தெரியாது, அங்கிள்.”

வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் என் உயரத்துக்குக் குந்தினார்.

“சரி, அங்கிள் எண்டே கூப்பிடுங்கோ. நான் இனி இஞ்சதான்.”

அப்பா என்று கூப்பிட எனக்குச் சில கிழமைகள் சென்றன. அதுவரை ஒவ்வொரு ‘அங்கிளு’க்கும், “ஓம் பிள்ளை” என்று அவர் எழும்பி வந்தார்.