மச்சாள் படுத்துக் கிடந்த ஞாயிறுகள்

நான் முதல் முறை நர்ஸ் பரீட்சையில் தவறியது படிப்பால் அல்ல, கையால். எலும்புகளின் பெயரையெல்லாம் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிப்பேன். ஆனால் செய்முறைப் பரீட்சையில், அசைய முடியாத நோயாளியைக் கட்டிலில் வைத்தே உடம்பு கழுவி, கீழே இறக்காமல் விரிப்பையும் மாற்ற வேண்டும். நான் எனக்குக் கிடைத்த அம்மாளின் காலைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, பேசின் தண்ணீரை மெத்தையில் கவிழ்த்தேன். மதிப்பெண் போடவந்த மேட்ரன் பேனாவை மூடினார்.

மறுபடி தவறினால் பயிற்சியை விட்டு யாழ்ப்பாணம் போகவேண்டியதுதான். அங்கே என்னைப் பெற்ற ஐயா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, என் தோல்விக்காகக் காத்திருந்தார்.

அதனால் ஞாயிறு மத்தியானங்களில் வெள்ளவத்தையிலிருந்த அண்ணா வீட்டுக்கு ரயிலேறினேன். அண்ணா கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க். வீட்டில் அவரும் பிள்ளைகளும் போக, ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கும் இரண்டு பேர் சாப்பாட்டோடு தங்கியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டவர் அண்ணாவின் மனைவி, என் மச்சாள். என் நோயாளியாக அவரைத்தான் பிடித்தேன்.

அவரைப் போல மோசமான நோயாளியை நான் பிறகும் கண்டதில்லை.

“பட்டப்பகலில பொம்பிளை படுத்தால் வீட்டுக்கு ஆகாது, பிள்ளை” என்று கட்டில் நுனியில் குந்தினார். கெஞ்சிப் படுக்க வைத்தால், நான் கேட்பதற்கு முன்பே இடுப்பைத் தூக்கித் தந்தார். துவாயைப் பறித்துத் தானே பிழிந்தார். காலில் கை வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“என்ர புருஷன்ர சகோதரம் என்ர காலைக் கழுவுறதோ? பாவமெல்லோ!”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “நீங்கள் இப்பிடி உதவி செய்தால் நான் பெயில்தான் மச்சாள்! நீங்கள் இப்ப நோயாளி, வருத்தக்காரி. உங்களுக்குக் கை கால் வழங்காது.”

“ஐயையோ, அப்ப ஆர் உலை வைக்கிறது?”

வாசலில் நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அதைப் பார்த்துத்தான் மச்சாள் காலை நீட்டியிருக்க வேண்டும். அப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களைப் போல.

சில ஞாயிறுகள் இப்படியே போயின. பிறகு ஒரு நாள், வெந்நீரில் நனைத்த துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் உடம்பு சட்டென்று கனத்தது. பயந்து குனிந்து பார்த்தேன். தூங்கிவிட்டார்.

அன்றுதான் ஓர் உடம்பின் முழுப் பாரமும் என் கைக்கு வந்தது. தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து மெதுவாகப் புரட்டினேன். முன்கையில் அடுப்புச் சுட்ட தழும்புகள், குதிகாலில் ஆழமான வெடிப்புகள். எத்தனையோ நாள் அந்தக் கையால் சாப்பிட்டவள் நான்; ஒரு நாளாவது அதைப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. விரிப்பை மாற்றி முடிக்கும்வரை அவர் விழிக்கவில்லை.

அண்ணா வந்து தேநீர் கேட்டார். “வருத்தக்காரி நித்திரை. நீங்களே போட்டுக் குடியுங்கோ” என்றேன். அவர் திகைத்துப்போய் நின்றார். பிறகு சீனிப் போத்தல் எங்கே என்று கேட்டார்.

அடுத்த பரீட்சையில் எனக்குக் கிடைத்தவர் ஒரு பக்கம் முழுதும் வழங்காத சிங்களக் கிழவி. நல்ல பாரம். தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்துப் புரட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் மெத்தையில் விழவில்லை. மேட்ரன் தலையசைத்தார்.

முடிவு வந்த அன்றே வெள்ளவத்தைக்கு ஓடினேன். மச்சாள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“பாஸ், மச்சாள்!”

கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார். “எனக்குத் தெரியும், பிள்ளை.” திரும்பிப் போய்த் துருவலையில் உட்கார்ந்தார். பாதித் தேங்காயைத் துருவிவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப இனி ஞாயிற்றுக்கிழமையில நான் படுக்கத் தேவையில்லை, என்ன?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.