பதினெட்டு ரூபாய்

அய்யாத்துரையின் ட்ரெய்லர் லைனில் நின்று பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. கடைசியாக நகர்ந்தது விடியற்காலையில். இடப்பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அப்பால் கடல். வலப்பக்கம் திருவொற்றியூர். முன்னால் துறைமுக கேட் வரைக்கும் கண்டெய்னர் வண்டிகள். முற்பகல் வெயில் கேபினுக்குள் இறங்கி அவர் மடியில் கிடந்தது. போனைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். கிரிப்டோ காயினின் விலை பதினோரு ரூபாய் இருபது காசு.

அவர் வாங்கியது பதினெட்டு ரூபாய்க்கு. பத்தாயிரம் காயின். அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரமும் ஆறு டயருக்கும் எஃப்.சி. செலவுக்கும் எடுத்துவைத்த பணம். வெள்ளிக்கிழமையோடு வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. முடிகிறது. ஆறு டயரும் மொட்டை. மொட்டை டயரோடு போனால் எஃப்.சி. தரமாட்டார்கள். எஃப்.சி. இல்லாத வண்டிக்கு யாரும் லோடு தரமாட்டார்கள். இன்று புதன்.

அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தண்டையார்பேட்டை மளிகைக்கடை ஒன்றுக்குப் பொட்டலம் மடிக்க வந்தவர். மகனுக்குக் கடைக்குள் நிற்கப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பதினேழு வருடம் அடுத்தவர் வண்டி. பிறகு இந்தப் பழைய ட்ரெய்லர். அதன் கடன் போன பொங்கலுக்குத்தான் அடைந்தது. ஆர்.சி. புத்தகத்தில் வேறு யார் பெயரும் இல்லை என்பதை இரண்டு மூன்று நாள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

லைனில் நிற்பதில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு புயலுக்குப் பிறகு கேட் மூடிக் கிடந்தபோது நாற்பத்தொரு மணி நேரம் நின்றார். நாற்பதாவது மணியில், முன்னால் இருந்தவன் பொறுக்கமாட்டாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அடுத்த மணியில் லைன் நகர்ந்தது. நகராத லைன் கிடையாது. திரும்பிப் போகிறவன் மறுபடி வாலில்தான் வந்து நிற்க வேண்டும். தொழிலில் அவர் உறுதியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

கிரிப்டோ அறிமுகமானதும் இதே லைனில். காட்டிக்கொடுத்தவர் கமாலுதீன், பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், இவரைப்போலவே சொந்த வண்டி. காலையில் வாங்குவார், மாலைக்குள் விற்றுவிடுவார். வாங்கும்போதே எந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்க வேண்டும் என்றும் போனில் போட்டுவைப்பார். அதற்கு ஸ்டாப் லாஸ் என்று பெயர். “நூறு ரூபாய்க்கு அஞ்சு ரூபா போச்சுன்னா போட்டும். ஆறாவது ரூபாய துரத்தக் கூடாது,” என்பார். லைன் விஷயத்திலும் அவர் அப்படித்தான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நகரவில்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். அய்யாத்துரையும் சிரித்திருக்கிறார்.

நான்கு மாதத்தில் அய்யாத்துரை இருபத்து மூன்று தடவை லாபம் பார்த்தார். முந்நூறு, ஐந்நூறு, ஒரு தடவை ஆயிரத்து நூறு. பச்சையைப் பார்த்ததும் கை பதறி விற்றுவிடுவார். ஒவ்வொரு விற்பனையிலும் வரியாக நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்தார்கள். லாபத்துக்கு முப்பது சதவீத வரி தனி, அதில் நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது என்று கமாலுதீன் சொன்னார். நஷ்டம் வந்தது மூன்றே தடவை. சிவப்பைப் பார்த்தால் மட்டும் அவர் கை பதறுவதில்லை. நிதானமாக உட்கார்ந்துகொள்வார். அந்த மூன்றும் சேர்ந்து இருபத்து மூன்றையும் தின்றுவிட்டன. தின்றதை ஒரே தடவையில் மீட்கத்தான் டயர் பணத்தில் கை வைத்தார். இரண்டு நாளில் திரும்ப எடுத்துவிடலாம் என்ற கணக்கு.

பதினேழு ரூபாய்க்கு ஸ்டாப் லாஸ் போட்டிருந்தார். விலை பதினேழு இருபதுக்கு வந்தபோது அதைப் பதினாறுக்கு இறக்கினார். பதினாறை நெருங்கியபோது பதினைந்துக்கு. அதன்பின் அதை எடுத்தேவிட்டார். பன்னிரண்டு நாள் ஆகிறது.

கேபின் கதவு திறந்தது. ஐந்து வண்டி பின்னால் நின்ற கமாலுதீன் படியேறி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

“இன்னா மாமு, காலைலேர்ந்து அத்தையே மொறச்சிக்கினு கீற?”

“வரும்.”

“இன்னா வரும்? காயின் வராது. உனுக்கு பிரஷர்தான் வரும். எவ்ளோல கீது?”

“பதினொன்னு பத்து.”

“வாங்குனது?”

“பதினெட்டு.”

கமாலுதீன் அவர் பக்கம் சாய்ந்தார். “டயர் துட்டா?”

அய்யாத்துரை தலையாட்டினார்.

“வூட்டுல தெரியுமா?”

“பேங்க்ல கீதுன்னு சொல்லிக்கீறேன்.”

“நல்லா சொன்ன போ.” கமாலுதீன் திரும்பி உட்கார்ந்தார். “இப்ப கேளு. இப்ப வித்தா ஒரு லட்சத்துப் பத்தாயிரம். நாலு டயர் வாங்கு. பாக்கி ரெண்டு என் வண்டில கயட்டித் தரேன். எஃப்.சி. காட்டிட்டுக் குடு. போன வருசம் எனுக்கு யாரு குடுத்தா? நீதான?”

“எழுபதாயிரம் மாமு.”

“போச்சு. அது எப்பவோ போயாச்சு. நீதான் இன்னும் கூட வெச்சிக்கினு கீற. வித்துடு. நான் பாக்கணும்.”

அய்யாத்துரை விற்கும் பக்கத்தைத் திறந்தார். அளவு, பத்தாயிரம். விலைக் கட்டத்தில் பதினொன்று ஐந்து என்று தானாகவே வந்து நின்றது. அவர் விரல் அதை அழித்தது. பதினெட்டு என்று அடித்தது. அழுத்தினார். ஆர்டர் ஏற்கப்பட்டது என்று பச்சையில் வந்தது. திரையைக் கமாலுதீன் பக்கம் திருப்பிக் காட்டினார். கமாலுதீனிடம் மூக்குக் கண்ணாடி இல்லை. பச்சை தெரிந்தது.

“போட்டியா?”

“போட்டுட்டேன்.”

“பேஜாரு வுட்டுது. சாயங்காலம் துட்டு பேங்க்குக்கு வந்துடும். நீ ஒண்ணும் நெனைக்காத.” தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் பக்கக் கண்ணாடியில் அவர் வண்டி லைனை விட்டு விலகித் திரும்புவது தெரிந்தது. டயரைக் கழற்றத்தான் போகிறார்.

விலை பதினெட்டைத் தொட்டால்தான் அந்த ஆர்டர் நடக்கும். அதுவரை அப்படியே கிடக்கும். அய்யாத்துரைக்கு அது தெரியும். கமாலுதீனைப் போனில் கூப்பிட நினைத்தார். பெயரைத் தேடி எடுத்துவிட்டு அழுத்தாமல் வைத்தார்.

போன் அடித்தது. மனைவி பூமாரி. கல்யாணமாகி இருபது வருடம் திருவொற்றியூரில் இருந்தும் பேச்சில் ஊரை விடாதவள்.

“ஏங்க, நான் டயர் கடைக்கு வந்துட்டேன். ஆறையும் இறக்கி வச்சிட்டாவ. பணம் அனுப்ப கடைக்காரர் நம்பர் சொல்லுதேன், குறிச்சிக்கிடுங்க.”

“நீ எதுக்கு போன?”

“நாளைக்கு விலை ஏறுதாம். உங்களுக்கு லைன்ல சோலி. அதான் நானே வந்தேன். சொல்லவா?”

“இங்க நெட்வொர்க் சரியா இல்ல.”

“இப்பம் பேசிக்கிட்டுத்தானே இருக்கீய?”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். பத்து தொண்ணூறு. பதினெட்டை ரத்து செய்துவிட்டு இப்போதே விற்கலாம். நாலு டயர்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும். மீதி எங்கே என்று கேட்பாள். கட்டைவிரலை ரத்து என்ற எழுத்தின் மேல் கொண்டுபோனார். பத்து தொண்ணூற்றைந்து ஆனது. விரலை எடுத்துக்கொண்டார்.

“ஏங்க?”

“நீ வூட்டுக்குப் போ. சாயங்காலம் அனுப்புறேன்.”

“வீட்டுக்குப் போயி என்ன செய்ய? பணம் வந்தாத்தான் வண்டில ஏத்துவோம்ங்காவ. எனக்கு ஸ்டூல் போட்டுக் குடுத்திருக்காவ. வாற வரைக்கும் இருக்கேன். நீங்க பதறாதீய.”

அவள் போனை வைக்கவில்லை. கடைக்குள் யாரோ இரும்பில் சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது. யாரிடமோ தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அதுவும் கேட்டது.