தானா ஏறுன சலங்கை

என் வூட்டுக்காரரு கொளஞ்சியப்பனுக்குப் பேச்சு கம்மி, ரோஷம் ஜாஸ்தி. சங்கராபுரத்துல எங்க வூட்டு முன்ரூம்புதான் ரெக்கார்டிங் ஸ்டுடியோ. ஜன்னல அடைச்சி, ஃபேன் சத்தம் பதியுதுன்னு அதையும் நிறுத்திட்டு, வேர்வைல நனைஞ்சிக்கினு குந்தியிருப்பாரு. பாட்டு பதியறது அவரு வேல. பதிஞ்சத கம்ப்யூட்டர்லருந்து எடுத்து ஆளுங்களுக்கு அனுப்புறதும், ஃபேன் இல்லாம சாவுறமேன்னு திட்டுறதும் என் வேல.

அதுக்கு முன்ன மைக்செட் கட்டிக்கினு இருந்தாரு. ஆடி மாசம் வந்தா ஆளையே பாக்க முடியாது. கல்வராயன் மலைல ஏதோ ஒரு ஊருல, ஆள் ஒசரத்துக்கு அடுக்குன ஸ்பீக்கரு பக்கத்துலயே சாக்க விரிச்சித் தூங்குவாரு. அந்தத் தூக்கத்துலயும் ஒரு ஸ்பீக்கர் கரகரன்னா சட்டுனு எழுந்துக்குவாராம். அந்தக் காத நம்பித்தான் ஸ்டுடியோவே வச்சோம்.

போன மாசம் புதுசா ஃபேடர் பொட்டி வந்துச்சி. ஒவ்வொரு சத்தத்தையும் ஏத்தி எறக்க வரிசையா குச்சிங்க இருக்கும், கம்ப்யூட்டர்ல மாட்டிக்கினு கையால தள்ளணும். பழைய பொட்டில ஒரு தொல்ல. நேத்து செஞ்ச பாட்ட இன்னைக்குத் தொறந்தா குச்சி ஒரு எடத்துல நிக்கும், கம்ப்யூட்டர்ல அளவு வேற எடத்துல இருக்கும். தொட்டாப் போதும், பம்பை மேளம் டமார்னு எகிறும். புதுசுல குச்சிக்கு அடியில மோட்டரு. பாட்டத் தொறந்தா, வச்ச எடத்துக்குத் தானா ஓடிப் போயி நிக்குது. வெரல் பட்டா மோட்டரு விட்டுக் குடுக்குது. மேல சின்னத் திரையில எது பம்பை, எது சலங்கைன்னு பேரு வேற காட்டுது. மொத நாளு கையே படாம அதுங்க ஓடுனதப் பாத்து, "அய்யய்யோ, இன்னாங்க இது!"ன்னு அலறிட்டேன். அன்னைக்குத்தான் அவரு ரொம்ப நாள் கழிச்சி வாய் விட்டுச் சிரிச்சாரு.

அதுக்கு அடுத்த வாரம், மலைலருந்து வந்து பாடுற தமிழரசன், புதுப் பாட்டப் போன்ல கேட்டுட்டு வந்து தலையச் சொறிஞ்சான். "அண்ணே, சலங்கை காதக் குத்துதுண்ணே. கொஞ்சம் எறக்கு."

"உன் போன் ஸ்பீக்கரு அப்பிடி. சரியாத்தான் இருக்குது."

"போன பாட்டுக்கே ஊருல சொன்னாங்கண்ணே. நான் வேற எங்கனா பாத்துக்கறேன்."

எனக்கு வந்துச்சே கோவம்! "போடா, யாரு காதப் பத்தி யாருகிட்ட பேசுற?"ன்னு வாசல் வரைக்கும் போயித் திட்டி அனுப்புனேன்.

மறுநாளு காலைல இவரு கடைக்குப் போயிருந்தாரு. தமிழரசன் பாட்டு எல்லாத்தையும் எடுத்து மூஞ்சில வீசிடலாம்னு, பழசுலருந்து ஒண்ணொண்ணா தொறந்தேன். தொறக்கத் தொறக்கக் குச்சிங்க ஓடுதுங்க. பம்பை ஒரு பாட்டுல ஏறுது, இன்னொண்ணுல எறங்குது. கொரலும் அப்பிடித்தான். சலங்கை மட்டும் எறங்கவே இல்ல. மொத பாட்டுல பாதில நின்னுச்சி. அடுத்ததுல கொஞ்சம் மேல. அதுக்கடுத்ததுல இன்னும் மேல. கடைசிப் பாட்டுல உச்சில போயி முட்டிக்கினு நின்னுச்சி. வேற ஆளு பாட்டத் தொறந்தேன், அதுலயும் அதே கததான்.

அவரு வந்ததும், "தமிழரசன் பாட்ட இன்னொரு தபா போடுங்க"ன்னேன். எப்பவும் கண்ண மூடிக்கினுதான் கேப்பாரு. தொடையில தாளம் போட ஆரம்பிச்சாரு. நான் சலங்கைக் குச்சியத் தொட்டு அடி வரைக்கும் இழுத்தேன். ரூம்புல சலங்கைச் சத்தமே இல்ல. அவரு தாளம் நிக்கல.

"சலங்கை போதுமாங்க?"

"போதும் போதும். எறக்கிறாத."

கண்ணத் தொறந்தவரு என் கையப் பாத்தாரு. குச்சியப் பாத்தாரு.

"எப்ப எறக்குன?"

"பாட்டு ஆரம்பிச்சப்பவே."

பாட்ட நிறுத்துனாரு. அப்புறம் சொன்னாரு: "மழ வுட்டா சொவுத்துக்கோழிப் பூச்சி கீச்சு கீச்சுன்னு கத்தும்ல, கமலா? இப்பல்லாம் அது கத்துதா இல்லியான்னே தெரியல. வயசாயிட்டா இப்பிடித்தான்னு வுட்டுட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டுட்டு நான் அழுதுட்டேன். கோவமா துக்கமான்னு எனக்கே தெரியல. இந்தக் காது போனா இவருக்கு வேற எந்த வேல தெரியும்? தெரிஞ்சாலும் இந்த மனுசன் செய்வாரா?

அவரு போன எடுத்தாரு.

"தமிழரசா, நான்தான்டா. நீ சொன்னது சரி. எனக்குக் காது கேக்கல. நாளைக்கி டாக்டருகிட்டப் போறன். வந்தப்புறம் நீ பக்கத்துல குந்திக்கினு சலங்கைய வச்சிக் குடு."

ரோஷக்கார மனுசன் இப்பிடிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அவனும் கேட்டிருக்க மாட்டான் போல, அந்தப் பக்கம் மூச்சே இல்ல.

இவரு போனக் காதுல அழுத்திக்கினு, "இன்னாடா, எதுனா சொல்றியா, இல்ல அதுவும் எனக்குக் கேக்கலியா?"ன்னாரு.