பதம் தாண்டிய பாகு

கேரமல் பாப்கார்ன் வாசம் வந்தாலே எனக்குக் குமட்டும். கோவை உக்கடத்தில் இன்று மேம்பாலத் தூண் நிற்கும் இடத்தில்தான், எங்கள் வீட்டுக்கு நேரெதிரே, பாயின் மிட்டாய்ப் பட்டறை இருந்தது. சுவரில் அடித்த இரும்புக் கொக்கியில் சூடு ஆறாத பாகை வீசி மாட்டி, இழுத்து, மறுபடி வீசி அவர் அறைய அறைய, பழுப்புப் பாகு வெள்ளியாக வெளுத்துக்கொண்டே வரும். அந்த அறைச்சத்தம் கேட்டுத்தான் நான் தினமும் விழிப்பேன். ஒருநாளும் அவர் பாகை முறுகவிட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், கலவரம் மூண்ட ஒரு பகலில், கடப்பாரையோடு வந்தவர்கள் பட்டறைக் கதவைப் பிளந்து, கொக்கியைச் சுவரோடு பெயர்த்து, சர்க்கரை மூட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். பாய் எங்கள் சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அம்மா அரிவாள்மனையைக் கையில் பிடித்தபடி வாசல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"எங்கடா போனான் அவன்?" என்று வெளியே எவனோ கத்தினான். கதவிடுக்கு வழியாகத் தித்திப்பும் கசப்புமாகப் புகை நுழைந்தது.

பாய் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"அம்மணி, பதம் தாண்டிப்போச்சுங்க," என்றார் மெல்ல. "இறக்கச் சொல்லுங்க."